ஜுவனைல்: இளைஞரா, சிறாரா?

இலத்தீனில் 'யுவெனிஸ்' என்றால் இளவயதுக்காரன். ஆங்கிலத்து ஜுவனைல் அதன் வழி வந்தது. வடமொழி 'யுவன்' அதற்கு உறவுமுறை. ஆனால் அந்த இளமைக்கு எல்லை எது? ரோமானிய அறிஞர் வர்ரோவின் கணக்கில் 30 முதல் 45 வயதுக்காரரே யுவெனிஸ். செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் நம் பாட்டியல் நூல்களும் 'விடலை'யை 30 வயது வரை நீட்டுகின்றன. இன்றோ ஜுவனைல், விடலை இரண்டுமே பதின்பருவத்துக்குள் சுருங்கிவிட்டன.

இந்தியச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் ஜுவனைல். இவர்கள் மீதான குற்ற வழக்கை விசாரிக்கும் அமைப்பு அரசுத் தமிழில் 'இளைஞர் நீதிக் குழுமம்'. சொல்லின் வேரைப் பார்த்தால் சரிதான், பயன்பாட்டில் இடறுகிறது. பதினாலு வயதுப் பையனை எந்த ஊரில் இளைஞர் என்கிறார்கள்? 'இளஞ்சிறார்' என்றும் எழுதுகிறார்கள். சிறார் என்றாலே இளையவர்தானே, முன்னால் இன்னொரு 'இள' எதற்கு? 'சிறார்' போதும். அது பலர்பால் சொல் என்பதால் 'ஒரு சிறார்' என்பதை இலக்கணம் ஒப்பாது. ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்காத வசதிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது 'சிறார் குற்றவாளி'. விசாரணை தொடங்குமுன்பே செய்தித் தலைப்பு தீர்ப்பு எழுதிவிடுகிறது. 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இத்தகைய பிள்ளையை 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்கிறது. வாயில் நுழையாத தொடர்தான், ஆனால் காரணமில்லாமல் வைக்கவில்லை. களங்கம் சுமத்தும் சொற்களைத் தவிர்ப்பதும், பழைய பதிவுகளை அழித்துப் புதிய தொடக்கம் தருவதும் அந்தச் சட்டமே வகுத்துள்ள கோட்பாடுகள். 'குழந்தைகள் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது 1920இல், சென்னை மாகாணத்தில்தான்.

ஆனால் அதே 2015ஆம் ஆண்டுச் சட்டம்தான் கதவைப் பாதி சாத்தவும் செய்தது. 2012 டிசம்பர் தில்லி கூட்டு வன்கொடுமை வழக்கில் கைதான ஆறு பேரில் ஒருவனுக்கு வயது 17. அன்றைய சட்டப்படி அதிகபட்சம் மூன்றாண்டு சிறப்பு இல்லம். 2015 டிசம்பரில் அவன் வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இப்போது 16 வயது நிரம்பியவர், குறைந்தது ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றத்தில் சிக்கினால், விளைவை உணரும் பக்குவம் அவருக்கு இருந்ததா என்று குழுமம் மதிப்பிடும். இருந்ததெனக் கருதினால் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பி, வயதுவந்தவராக விசாரிக்கச் செய்யலாம்.

கோபத்தின் சூட்டில் வரைந்த கோடு இது என்பது என் எண்ணம். குற்றம் செய்த நாளின் மனப்பக்குவத்தை மாதங்கள் கழித்து யார் அளக்க முடியும்? எனக்கு நியாயமாகப் படுபவை இதே சட்டத்தின் வேறு சில பிரிவுகள். அப்படித் தண்டிக்கப்பட்டவருக்கும் தூக்கு கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 21 வயது வரை சிறையில் அல்ல, பாதுகாப்பு இடத்தில் வைக்க வேண்டும். 21 ஆனதும் திருந்தியிருக்கிறாரா என்று நீதிமன்றம் பார்த்து, வெளியே விடலாம் அல்லது மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்பலாம். திருந்தி வெளியே வந்தாலும், மற்றச் சிறாருக்குத் தண்டனையால் வரும் (வேலை போன்றவற்றுக்கான) தகுதியிழப்பை நீக்கும் பிரிவு இவருக்கு மட்டும் பொருந்தாது. அந்த விலக்கை எடுத்துவிட வேண்டும்.