சொல் விளக்கம்: மீயிலகு சறுக்கு வானூர்தி

'அல்ட்ராலைட் கிளைடர்' என்பது எஞ்சினின் துணையின்றிப் பறக்கக்கூடிய, எடை மிகக் குறைந்த, பெரும்பாலும் ஓரிருக்கை மட்டுமே கொண்ட வானூர்தியைக் குறிக்கும். பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வரையறைப்படி, புறப்படும்போது அதன் மொத்த எடை 220 கிலோவுக்கு மிகக் கூடாது. அமெரிக்காவின் 1982ஆம் ஆண்டு விதியோ ஊர்தியின் வெற்று எடையையே கணக்கில் கொண்டு, அது 155 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 70 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது.

'கிளைடு' என்னும் சொல், வழுக்கிச் செல்லுதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. தமிழில் 'மிதவை வானூர்தி', 'சறுக்கு வானூர்தி' என இரு வழக்குகள் உள்ளன, பின்னதே பொருந்தும். மிதப்பு என்பது சூழ்ந்திருக்கும் நீரோ காற்றோ தாங்குவதால் நிகழ்வது. அது பலூனுக்கு உரியது. கிளைடரோ தன்னைச் சூழ்ந்த காற்றினூடே சற்றே கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டே செல்கிறது. அச்சறுக்கல் வேகத்தைக் காக்கிறது, அவ்வேகத்தால் இறக்கையில் தூக்குவிசை பிறக்கிறது. அது உயரம் பெறுவதெல்லாம், தான் இறங்குவதைவிட விரைவாக மேலெழும் காற்றோட்டத்துக்குள் புகும்போதுதான்.

'அல்ட்ரா' என்னும் இலத்தீன் முன்னொட்டுக்கு 'அப்பால்' என்பது பொருள். மேன்மையையும் மிகுதியையும் உணர்த்தும் 'மீ', மீயொலி போன்ற கலைச்சொற்களில் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால் இங்கும் இயல்பாக அமைகிறது. 'இலகு' வடமொழி 'லகு'வின் வழிவந்தது. பழந்தமிழில் இலகுதல் ஒளிர்தலையே குறித்தது. தனித்தமிழில் 'நொய்' உண்டு. ஆயினும் அது நலிவையும் சேர்த்தே உணர்த்துவதால், வலுவை விட்டுக்கொடுக்காமல் எடையை மட்டும் குறைக்க முயலும் இவ்வடிவமைப்புக்கு அது ஒவ்வாது.

இவ்வடிவமைப்பின் உயிர்நாடி இறக்கைச் சுமை, அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை தாங்கும் எடை. அது பாதியானால், அதே சாய்வில் வட்டமிடும் ஆரமும் பாதியாகும். குறுகிய, மெலிந்த வெப்பக் காற்றுத் தூணுக்குள்ளும் ஊர்தி சுழன்று ஏற முடியும். வழக்கமான ஓரிருக்கை ஊர்திகளில் இச்சுமை 30 கிலோவுக்கு மேற்பட்டிருக்க, அமெரிக்க வடிவமைப்பாளர் ஜிம் மாபின் 1980களில் மரத்தாலும் கார்பன் இழையாலும் உருவாக்கிய 'கார்பன் டிராகன்', ஏறத்தாழ 66 கிலோ வெற்று எடையும் 14 சதுர மீட்டர் இறக்கைப் பரப்பும் கொண்டு, விமானியோடு சேர்த்தும் 10 கிலோ அளவிலேயே நிற்கிறது. இச்சுமை 18 கிலோவுக்கு மிகாத மீயிலகு ஊர்திகளை மேற்சொன்ன கூட்டமைப்பு 'மைக்ரோலிப்ட்' என்று தனியே பிரிக்கிறது. அதனை 'நுண்தூக்கு ஊர்தி' எனலாம்.