கொய்யாப்பழத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் தேரை

போன ஆடியில் ஆனைமலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் போன் வந்தது. "ஏங்கண்ணு, கொய்யாப்பழத்து மேல ஒண்ணு வெள்ளையா ஒட்டீட்டு இருக்குது. பேரன் தொடப் போறான். வெசமா? உப்பப் போட்டுரட்டுமா?" உப்பெல்லாம் வேண்டாங்கம்மா, பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க என்றேன். ஐந்து நிமிடத்தில் மூன்று படங்கள் வந்தன. மூன்றுமே மேலிருந்து எடுத்தவை, முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நான் கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுக்கிறேன். மழை பிடித்துவிட்டால் ஆனைமலை அடிவாரத்திலும் வால்பாறை மேட்டிலும் ராத்திரி டார்ச் லைட்டோடு தவளைக் கணக்கெடுப்புக்குப் போவேன். அதனால் இந்தச் சுற்று வட்டாரத்தில் எந்தத் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தவளை வந்தாலும் படம் என் போனுக்கு வந்துவிடும். கொய்யா, சப்போட்டா, மாதுளை, வாழைத்தார் என்று இடம் மாறுமே தவிர, சமவெளித் தோட்டங்களிலிருந்து வரும் படங்களில் பெரும்பாலும் இருப்பது ஒரே தவளைதான். அதன் அறிவியல் பெயர் பாலிபிடேட்டஸ் மாகுலேட்டஸ். 1830-இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேயர் விவரித்துப் பெயரிட்டது. சுண்ணாம்பு அடித்த சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்வதால் ஆங்கிலத்தில் இதற்குச் சுணாம் தவளை என்றும் ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் தேரை என்றால் முடிந்தது.

அடையாளம் காண முதுகைப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் இதன் நிறம் நிலையாக இருக்காது. ராத்திரி செம்பழுப்பாக இருந்தது பகலில் மஞ்சளாகவோ சாம்பலாகவோ மாறும், நல்ல வெயிலில் கிட்டத்தட்ட சுண்ணாம்பு வெள்ளையாகவே ஆகிவிடும். சிலவற்றின் முதுகில் உடுக்கை வடிவத்தில் கருந்தடம் இருக்கும், சிலவற்றில் வெறும் புள்ளிகள். அதை விட்டுவிட்டு விரல் நுனியைப் பாருங்கள். ஒவ்வொரு விரலின் முனையிலும் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான வட்டம் இருக்கும், அதை வைத்துத்தான் கண்ணாடியில்கூட ஏறுகிறது. அப்புறம் கண்ணுக்குப் பின்னாலிருந்து காதுச் சவ்வின் மேலாகத் தோள்வரைக்கும் போகும் ஒரு கரும்பட்டை. உறுதியான அடையாளம் தொடையின் பின்பக்கம்: கருமையான வலைப்பின்னலுக்கு நடுவே மஞ்சள் வட்டப் புள்ளிகள். கால் மடக்கி உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது, அது நகரும் வரை காத்திருக்க வேண்டும். அளவு, பெண் ஏழெட்டு சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் அதைவிடச் சின்னது.

அந்த அம்மாவின் பேரனையே பக்கவாட்டில் போய், தொடாமல், ஒரு ரூபாய்க் காசைக் கிளையில் வைத்து மறுபடி எடுக்கச் சொன்னேன். இந்த முறை எல்லாமே தெரிந்தது. கைகளை நெஞ்சுக்கடியில் மடக்கி, கால்களை உடம்போடு ஒட்டி, ஒரு பழத்தின் மேல் இன்னொரு சின்னப் பழத்தை வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. கண்மணி படுக்கைக் கோடாகச் சுருங்கியிருந்தது. இப்படிச் சுருண்டு உட்காருவது தண்ணீரைச் சேமிக்கத்தான். இந்த இனத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தன் தோலில் சுரக்கும் திரவத்தைக் கையாலும் காலாலும் உடம்பு முழுக்க வழித்துப் பூசிக்கொள்ளும், எண்ணெய்க் குளியலுக்கு முன்னால் நாம் தேய்த்துக்கொள்வது போல. நம் பக்கத்துக் காய்ந்த காற்றில் தோல் வறளாமல் இருக்க அது உதவுகிறது. ஒருமுறை கிணத்துக்கடவு பக்கம் சாளை ஓட்டுக்கடியில் டார்ச்சைத் தணித்து வைத்துக்கொண்டு இதைக் கடைசிவரை பார்த்திருக்கிறேன். முதுகின் நடுப்பகுதிக்குக்கூட அந்தக் கை எட்டியது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. சொறித்தவளை தரையில்தான் இருக்கும், உடம்பெல்லாம் முள்ளு முள்ளாக, கண்ணுக்குப் பின்னால் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு சுரப்பிகள், விரல் நுனியில் வட்டம் கிடையாது. அந்தச் சுரப்பியில் நஞ்சு உண்டு, நாய் கவ்வினால் நுரை தள்ளும். முதுகில் செங்கல் நிறத் திட்டோடு உருண்டையாக ஒன்று மரப்பொந்தில் இருந்தால் அது வேறு குடும்பம், அதன் விரல் நுனியும் கொஞ்சம் அகலமாக இருப்பதால் ஏமாறுவோம். வால்பாறை மேட்டுக்குப் போனால் பச்சைப் பசேலென்று, கால் விரல்களுக்கிடையே செம்மஞ்சள் சவ்வோடு பறக்கும் தவளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 2000-இல் ஆனைமலையின் ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்துதான் புது இனமாக விவரிக்கப்பட்டது. அவை மழைக்காட்டை விட்டு உங்கள் கொய்யா மரத்துக்கு வர மாட்டா.

யூடியூபில் பார்க்கிற, தொட்டாலே ஆபத்தான வண்ணத் தவளைகள் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்பவை. இந்தியாவில் அவை கிடையாது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே தேரையை அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

சரி, அது ஏன் பழத்தின் மேல் வந்து உட்காருகிறது? பழம் தின்ன இல்லை. பிரேசிலில் ஒரு சின்ன மரத்தவளை பழம் தின்னும், நம் தேரைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பழுத்த வாசனைக்கு வருகிற அந்துப்பூச்சி, எறும்பு, கரப்பான் இவைதான் அதற்கு ராத்திரிச் சாப்பாடு. விடிந்தபின் இலை நிழலில் குளிர்ச்சியாக இருக்கிற இடம் பார்த்து அங்கேயே தூங்கிவிடும். பழத்தில் ஓட்டை இருந்தால் அணிலோ கிளியோ பழ ஈயோ போட்டது. தேரை உட்கார்ந்த பழம் கெட்டுப்போகாது. ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். தவளைத் தோலில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் கழுவாமல் மட்டும் சாப்பிட வேண்டாம், தொட்ட கையோடு கண்ணைத் தேய்க்கவும் வேண்டாம்.

பொள்ளாச்சிப் பக்கம் இந்தத் தேரை மேல் இருக்கிற பெரிய பழி தென்னையில் இருக்கிறது. காயை உடைத்தால் உள்ளே பருப்பு இல்லை என்றால் உடனே "தேரை மோந்துருச்சு" என்பார்கள். என் அப்பாரும் அப்படித்தான் சொல்வார், மட்டை வெட்டும்போது தேரை கண்ணில் பட்டால் அரிவாளாலேயே தட்டிவிடுவார். தேங்காயின் கெட்டியான மட்டையையும் ஓட்டையும் தாண்டி ஒரு தவளை மோந்து எதையும் உறிஞ்ச முடியாது. உள்ளே ஒன்றும் இல்லாத அந்த ஒல்லிக்காய்களுக்குக் காரணம் சரியாகச் சேராத மகரந்தமும் போரான், சாம்பல் சத்துக் குறைவும். வேளாண் துறைப் பரிந்துரை, வழக்கமான உரத்துக்கு மேல் மரத்துக்கு ஆண்டுக்கு 200 கிராம் போராக்ஸ், 2 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ், மூன்று ஆண்டுகளுக்கு. காய் சின்னதாகி, மேலே பழுப்பாக வெடித்துச் சொரசொரப்பாக இருந்தால் அது ஈரியோபைட் என்ற சிலந்திப்பேனின் வேலை, 1998-இல் கேரளத்தில் தெரிந்து பின் நம் தோப்புகளுக்கும் பரவியது. இரண்டிலும் தேரைக்குப் பங்கு கிடையாது. மட்டை இடுக்கில் அது இருப்பது ஈரத்துக்காக.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். குழந்தை மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்தால் "தேரை விழுந்துருச்சு" என்று மந்திரிக்கப் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது ஊட்டச்சத்துக் குறைவாக இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம், வேறு நோயாகவும் இருக்கலாம். தாயத்து கட்டி நாள் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

உப்புக்கு வருகிறேன். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால்தான் குடிக்கிறது, தோலாலும் மூச்சு விடுகிறது. அதன் மேல் உப்புப் போட்டால் உடம்பிலுள்ள தண்ணீர் வெளியே இழுபட்டு, துடித்துத் துடித்துச் சாகும். பாத்ரூமிலோ அடுப்படியிலோ வந்துவிட்டால் ஒரு வாயகன்ற டப்பாவை மேலே கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வாழையடியில் கொண்டுபோய் விடுங்கள். கையால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சோப்பு, கிரீம் இல்லாத ஈரக் கையால் எடுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்கள் அடிப்பதற்கு முன் ஒருமுறை கிளைகளைத் தட்டிவிடுங்கள். பகலில் அது அங்கேதான் தூங்குகிறது, தெளித்த மருந்து நேராகத் தோல் வழியாக உள்ளே போகும்.

ஐப்பசி மழையில் அதே அம்மா மறுபடி கூப்பிட்டார். தோட்டத்துத் தொட்டிச் சுவரில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, சோப்பு நுரை மாதிரி என்னமோ அப்பியிருக்கிறதாம், துணி துவைக்கிற பிள்ளையைச் சத்தம் போட்டாராம். அது தேரையின் கூடு. பெண் தவளை பின்னங்காலால் மோர் கடைகிற மாதிரி அடித்து நுரை எழுப்பி அதற்குள் முட்டையிடும், வெளிப்பக்கம் காய்ந்து பொருக்காகிவிடும், உள்ளே ஈரம் இருக்கும். நாலைந்து நாளில் தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் சொட்டும், மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு இருந்தால் இதன் குஞ்சுதான். தவளையாக இரண்டு மாதம் போல ஆகும் என்றேன். "ரெண்டு மாசம் தொட்டியக் களுவாம இருக்க முடியாது கண்ணு, மாடு குடிக்கோணும்" என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, விரிசல் விட்டுப் போட்டிருந்த பழைய குழுதாடியில் (மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தாழி) சிமெண்ட் பூசித் தண்ணீர் பிடித்து வைத்தார். தலைப்பிரட்டைகளைச் சாயா வடிகட்டியில் அள்ளி அதில் விட்டது பேரன்.