பழைய பத்மினி பாசிங்கில் எங்கே மாட்டுகிறது?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா வாங்கிய 1978 மாடல் பிரீமியர் பத்மினி கார் இன்னும் ஓடுகிறது. 2023 மழைக்காலத்தில் பாசிங்குக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சோதனைக்கு, கொண்டுபோனபோது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் கொண்டுபோனார். பாஸ். "எவ்வளவு கொடுத்தாய் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படியானால் இது என்ன கணக்கு?"

நம்புகிறேன். டிரம் பிரேக் வண்டியில் இது நடக்கக்கூடியதுதான்.

சொந்தக் காரின் ஆர்.சி. என்ற பதிவுச் சான்று 15 வருடம் செல்லும். அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். நம் ஊரில் எஃப்.சி. என்போம், மும்பையில் பாசிங். அங்கே பார்ப்பதில் பெரும்பாலானவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லை. விளக்கு எரியும் அல்லது எரியாது. ஹாரன், வைப்பர், டயர், சேசிஸ் நம்பர் எல்லாம் அப்படித்தான். முந்தின நாள் மெக்கானிக்கிடம் விட்டால் முடிந்தது. புகைச் சோதனையிலும் பழைய வண்டிக்குச் சலுகை உண்டு. பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு முந்தின பெட்ரோல் கார், ஐடிலில் (நின்றபடி இன்ஜின் ஓடும்போது) 3 சதவீதம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம். அதற்கு அடுத்த தலைமுறைக்கு 0.5தான். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் தெரிந்த கை திருகினால் பத்மினி அந்த 3க்குள் அடங்கிவிடும். அடிப்பாகம் துருவில் அரித்துப்போயிருந்தால் மட்டும் எந்தக் கையாலும் காப்பாற்ற முடியாது.

மிச்சம் இருப்பது பிரேக். பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். பாஸ்கல் விதி, பள்ளியில் படித்தது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம்தான் கிடைக்கிறது. பிறகு ஏன் வண்டி ஒரு பக்கம் இழுக்க வேண்டும்?

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும், மேலே டிரம்மில் உரசும் லைனிங் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஷூவுக்கும் ஒரு முனை அச்சில் நிற்கும். மறுமுனையை, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் வீல் சிலிண்டர் வெளியே தள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் டிரம், தள்ளப்படும் முனையிலிருந்து அச்சு முனையை நோக்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாணைக்கல்லில் கத்தியைச் சுற்றுக்கு எதிராகக் காட்டினால் கல் கத்தியை இழுத்துக்கொள்ளும் அல்லவா? அதேபோல டிரம் அந்த ஷூவைத் தன் பக்கம் இழுக்கும். இதற்கு லீடிங் ஷூ என்று பெயர். எதிர்த் திசையில் அமைந்த ஷூவை டிரம் தள்ளிவிடும். அது டிரெய்லிங் ஷூ.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சிலிண்டர் 100 கிலோ எடைக்குச் சமமான விசையோடு லீடிங் ஷூவைத் தள்ளுகிறது என்போம். லைனிங்கின் உராய்வுக் குணகம், அதாவது அழுத்தும் விசையில் உராய்வாக மாறும் பங்கு, 0.4. அதாவது 40 கிலோ உராய்வு பிறக்கிறது. அந்த 40 ஷூவை இன்னும் உள்ளே இழுப்பதால் அழுத்தம் 140 ஆகிறது. கூடுதலாக வந்த 40 தன் பங்குக்கு 16 கிலோ உராய்வைப் பெறுகிறது, அந்த 16 இன்னொரு 6.4 கிலோவை. ஒவ்வொரு சுற்றும் சிறுத்துக்கொண்டே போகும் பெருக்குத்தொடர். முடிவில் அழுத்தம் 167 கிலோ, உராய்வு 67. ஓட்டுநரின் கால் கொடுக்காத பலத்தை ஓடும் வண்டியே தன்னை நிறுத்திக்கொள்வதற்காகக் கொடுக்கிறது! பவர் பிரேக் இல்லாத காலத்தில் கனமான கார்களைச் சாதாரணக் காலால் நிறுத்த முடிந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. (நிஜ ஷூவில் அளவுகளைப் பொறுத்து எண்கள் மாறும், போக்கு மாறாது.)

இனி இதன் வில்லத்தனம். ஒரு பக்க லைனிங்கில் மட்டும் குணகம் 0.3 ஆகிவிட்டது என்றால்? தொடரைக் கூட்டிப் பாருங்கள்: உராய்வு 67க்குப் பதில் 43. குணகம் குறைந்தது கால் பங்கு, பிரேக் விசை குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். டிஸ்க் பிரேக்கில் இந்தப் பெருக்கம் கிடையாது. 40 என்பது 30 ஆகும், அவ்வளவுதான். டிரம், நல்லதைப் பெருக்குவதுபோல வித்தியாசத்தையும் பெருக்குகிறது. பழைய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தின் இரண்டு ஷூவுமே லீடிங். பிரேக்கின் பெரும் பாரம் முன்சக்கரத்தில்தான் விழும் என்பதால் இழுப்பும் அங்கேதான் தெரியும். தானியங்கிச் சோதனை நிலையங்களில் சக்கரத்தை உருளைகளின் மேல் ஏற்றி, மோட்டாரால் மெல்லச் சுழற்றி, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக விசையைக் காட்டுவார்கள். மறைக்கவே முடியாது.

குணகம் எதனால் மாறுகிறது? வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்து லைனிங் ஆயிலில் ஊறினால் குறையும். சூடானால் குறையும். மழைக்காலத்தில் நின்றுகொண்டே இருந்தால் டிரம்மின் உள்பரப்பில் மெல்லிய துரு படியும். முதல் சில மிதிகளில் அது கவ்விப் பிடிக்கும், தேய்ந்தபின் பழைய நிலைக்கு வரும். சாரல் அடிக்கும் பக்கத்துச் சக்கரத்தில் துரு அதிகம். செம்பூர்க்காரரின் வண்டி முதல் தடவை பல நாள் நின்ற இடத்திலிருந்து நேராகப் பாசிங்குக்குப் போயிருக்கும், அந்த வாரம் கொஞ்சம் ஓடியதில் துரு தேய்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பாசிங்குக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்று உண்மையிலேயே உதவும். பழத்தைச் சாதத்தில் பிழிந்துகொள்ளலாம்.

உராய்வும் தேய்மானமும் நம் ஆராய்ச்சிக்கூடங்களில் கவர்ச்சியில்லாத துறை. பேட்டரி, ஹைட்ரஜன் என்றால் பணம் வரும். ஆனால் மின்கார்கள் மோட்டாராலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் அவற்றின் பிரேக்குக்கு வேலை குறைந்து துருப்பிடிக்கிறது. ஃபோக்ஸ்வேகன் தன் ஐ.டி.4 மின்காரின் பின்சக்கரத்துக்கு மூடிய டிரம்மையே திரும்பக் கொண்டுவந்தது. மழைக்கால மும்பையில் லைனிங்கும் துருவும் எப்படி நடந்துகொள்கின்றன என்று உட்கார்ந்து அளக்க ஒரு சின்ன மானியம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, செய்ய வேண்டியது. லைனிங் மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே பெட்டியிலிருந்து மாற்றுங்கள். ஒரு டிரம்மை லேத்தில் கடைந்தால் ஜோடியையும் கடையுங்கள். கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள்; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதவிடாதீர்கள். பாசிங் அன்று நெரிசல் இல்லாத சாலையில் பத்துப் பதினைந்து தடவை மிதமாகப் பிரேக் பிடித்துவிட்டுப் போங்கள்.

அடுத்த பாசிங் 2028இல். அப்போது வண்டிக்கு 50 வயது நிறைந்துவிடும். 2021இல் வந்த விதிப்படி, அசல் வடிவம் கெடாமல் இருந்தால் விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். மாட்டுங்காவுக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டுமென்றால் பழையபடி பாசிங் வரிசையில்தான் நிற்க வேண்டும்.