குழாயின் கடைசி வீடு

கொழும்பின் கொட்டாஞ்சேனையிலோ கிராண்ட்பாஸிலோ நெருக்கமான ஒரு தோட்டக் குடியிருப்பில், முதல் வீட்டு வாளி இரண்டு நிமிடத்தில் நிரம்பும்போது கடைசி வீட்டு வாளிக்குக் கால் மணி நேரம் பிடிப்பதுண்டு. குழாய் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். வேறுபடுவது அழுத்தம்.

தண்ணீரை 10 மீற்றர் உயர்த்த ஏறத்தாழ 1 பார் அழுத்தம் வேண்டும். ஓடும்போது குழாய்ச் சுவரில் உரசியும் அழுத்தம் குறையும். குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதே அழுத்தத்தில், ஓரங்குலக் குழாய் தருவதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் அரை அங்குலக் குழாய் தரும். இரண்டு வீட்டுக்குப் போட்ட மெல்லிய குழாயிலிருந்து பத்து வீடுகள் கிளை எடுத்தால், கடைசி வீடு காய்வதற்கு யாருடைய பேராசையும் தேவையில்லை.

கொழும்புக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீர் காட்டுப் பகுதியிலிருந்து வருகிறது. பெரும்பங்கைத் தருவது களனி கங்கை. அதை அம்பத்தலை, பியகம நிலையங்கள் சுத்திகரிக்கின்றன. வறட்சியில் ஆற்றோட்டம் குறைந்தால், கனமான கடல்நீர் ஆற்றின் அடிப்பக்கமாக ஆப்பு போல உள்ளே ஏறும். மணல் அகழ்ந்து ஆற்றுப்படுகை தாழ்ந்ததால் அதற்கு வழி இன்னும் எளிதாயிற்று. வழமையான வடிகட்டலும் குளோரினும் உப்பை அகற்றா. அதனால்தான் அம்பத்தலையில் ஆற்றுக்குக் குறுக்கே உப்புத்தடுப்பு தேவைப்படுகிறது.

உலகக் கணக்கிலும் இந்தக் கடைசி வீடு தெரிகிறது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' என்று சொல்வதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: வீட்டு வளவுக்குள் கிடைக்கவேண்டும், வேண்டிய நேரத்தில் கிடைக்கவேண்டும், மாசு இருக்கக்கூடாது. 2022இல் 220 கோடிப் பேருக்கு அது கிடைக்கவில்லை. முறையாகக் குளோரின் இட்ட பொதுக்குழாய்கூட முதல் நிபந்தனையிலேயே தோற்றுவிடும். இது சரியான கண்டிப்பு என்றே சொல்வேன். 20 லீற்றர் கானில் நிரம்பும் தண்ணீரின் எடை 20 கிலோ. வளவுக்குள் நீர் இல்லாத பத்து வீடுகளில் ஏழில் அதைச் சுமப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்தான்.

வழியில் ஒழுகுவதும் சிறிதல்ல. 20 மீற்றர் நீர்மட்ட அழுத்தம் (ஏறத்தாழ 2 பார்) உள்ள குழாயில் 3 மில்லிமீற்றர் ஓட்டை விழுந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 7,000 லீற்றர் போய்விடும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்றால் அது 140 பேரின் தண்ணீர்.

ஒழுகும் ஓட்டை உள்வாங்கவும் செய்யும். விநியோகம் நின்றதும் குழாயின் அழுத்தம் வீழ்ந்து, பக்கத்து வடிகானில் தேங்கிய கழிவுநீர் வெடிப்பு வழியே உள்ளே இழுக்கப்படலாம். பிரதான குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டினாலும் இதேதான் நடக்கும்: அயல்வீட்டுத் தண்ணீரோடு மண்ணுக்குள் உள்ள அழுக்கையும் அது உறிஞ்சும். நிலத்தடித் தொட்டி கட்டி, மிதவை வால்வு மூலம் அது தானாக நிரம்பவிட்டு, அங்கிருந்தே மேல் தாங்கிக்கு ஏற்றவேண்டும்.

தண்ணீர் திரும்ப வரும்போது முதலில் வருவதைத் தாங்கிக்குள் விடாதீர்கள். தெளியும்வரை ஓடவிட்டுக் கழுவ எடுங்கள். தெளிவு மட்டும் போதாது, குழாய்முனையில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். சந்தேகமானால் குடிநீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். எரிவாயு இல்லையென்றால், தெளிந்த நீர் லீற்றருக்கு, வாசனை சேர்க்காத 5 வீத குளோரின் வெளிற்றுத் திரவத்தில் (ப்ளீச்) 2 துளி விட்டுக் கலக்கி 30 நிமிடம் வையுங்கள். இலேசான குளோரின் மணம் வராவிட்டால் இன்னொருமுறை அதே அளவு விட்டு 15 நிமிடம் பொறுங்கள். வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்த போத்தல் வீரியம் இழந்திருக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இந்த அளவு குளோரினுக்குச் சாகாது, கொதித்தால்தான் சாகும்.

வெள்ளநீர் புகுந்த தாங்கிக்கு வேலை வேறு. வடித்து, தேய்த்துக் கழுவி, நிரப்பி, 1,000 லீற்றருக்கு அதே திரவத்தில் 1 லீற்றர் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் மணம் வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு முழுவதையும் வடித்துவிடுங்கள். அந்த நீரைக் குடிக்கவே கூடாது.

கடைசி வீட்டுக் குறையை முறையிடுமுன் ஓர் அழுத்தமானி வாங்குங்கள். தோட்டத்துக்கு ஒன்று போதும். எல்லாக் குழாய்களையும் மூடி, முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் அளவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் திறந்து மறுபடி அளவிடுங்கள். மூடியபோது இரண்டும் ஒன்றாக இருந்து, திறந்தபோது கடைசி வீடு மட்டும் சரிந்தால் உங்கள் குழாய் சிறிது, அல்லது துருவோ சேறோ அடைத்திருக்கிறது. மூடியபோதே இரண்டும் குறைவாக இருந்தால் குறை வீதிக் குழாயில். இரவு விநியோக வேளையில் எடுத்த அளவையும் நாள், நேரத்தோடு எழுதி நீர் வழங்கல் சபையிடம் கொடுங்கள்.