பயந்துபோன முதுகு

போச்சம்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா, புளி சீசன் வந்துவிட்டால் காலையில் சாக்கை விரித்து உட்கார்ந்தவர் மதியச் சோற்றுக்குத்தான் எழுவார். ஓட்டை உடைப்பது, நாரைப் பிரிப்பது, தட்டிக் கொட்டை எடுப்பது என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புளி மூட்டையை இழுக்கும்போது குறுக்கு பிடித்துக்கொண்டது. பிடித்தது விடவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில், "ஜவ்வு விலகியிருக்கு, தேய்மானமும் இருக்கு, இனிமே குனியாதீங்க" என்றார்கள்.

அதற்கப்புறம் அவர் தரையிலிருந்து எழுவதே ஒரு சடங்கு. மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, தொடையில் கையை ஊன்றி, முதுகைப் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு எழுவார். கேட்டால், "குனிஞ்சா ஜவ்வு நவுந்துடும்டா" என்பார்.

வலியை நீட்டித்ததில் அந்த விறைப்புக்கும் பங்கு உண்டு. கையை இறுக்கி மூடி ஐந்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். காயம் எதுவும் இல்லாமலே கடுக்கும். முதுகுத்தண்டின் இரண்டு பக்கத் தசைகளும் நாள் முழுக்க அப்படித்தான் இறுகிக் கிடந்தன.

சரி, ஸ்கேனில் தெரிந்தது பொய்யா? பொய்யில்லை. ஆனால் முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015ல் வந்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம், ஐம்பதில் 80 சதவீதம், எண்பதில் 96 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. தலை நரைப்பது மாதிரிதான். நரைத்த முடி வலிப்பதில்லை.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். தசைப்பிடிப்போ சுளுக்கோ பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். ஆறியது நரம்புக்கு எட்டியிருக்காது. அடிபட்ட பிறகு தண்டுவடமே கூருணர்ச்சி அடைந்து, சின்னத் தொடுகையையும் பெரிதாக்கி மூளைக்கு அனுப்புகிறது என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983ல் எலிகளில் காட்டினார். திருடனுக்காக வளர்த்த நாய், தெருவில் போகிற சைக்கிளுக்கெல்லாம் குரைக்கிற கதை இது. குரைப்பு நிஜம், வலியும் நிஜம். திருடன்தான் இல்லை.

நாயை அடக்க அதட்டினால் போதாது, அதைச் சைக்கிளுக்குப் பழக்க வேண்டும். அசைவுப் பயிற்சி செய்வது அதைத்தான். பெரியம்மாவுக்கு இயன்முறை மருத்துவர் முதலில் சொன்னது மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல முன்னும் பின்னும் உருட்டுவது மட்டும்தான். படுத்திருக்கும்போது பயம் குறைவு, இறுக்கமும் குறைவு. அப்புறம் மண்டியிட்டுக் கையூன்றி முதுகை வளைப்பது. அப்புறம் நின்றபடி, தொடை இடுப்போடு சேரும் இடத்தில் மடிந்து, மூச்சை விட்டுக்கொண்டே குனிவது. பிறகு காலிக் குடம், பல நாள் கழித்துக் கால் குடம் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் மூளை வலியை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்த அளவு வருவதில்லை. அந்த ஏமாற்றம் சேரச்சேர மூளை தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் வலி ஏறியே இருந்தால் ஒரு படி இறங்கவேண்டும்.

"நிமிர்ந்து உட்கார்" என்ற உபதேசத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நிமிர்ந்தே மூன்று மணி நேரம் உட்கார்ந்தாலும் முதுகு கடுக்கும். தேவையில்லாத இறுக்கத்தைக் கவனித்துத் தளர்த்துவதும், அடிக்கடி நிலை மாற்றுவதும்தான் பயன் தருகின்றன. மேடையில் குரல் போன ஆஸ்திரேலிய நடிகர் அலெக்சாண்டர், கண்ணாடி முன் நின்று தன் கழுத்து இறுக்கத்தைக் கண்டுபிடித்து ஒரு முறையையே உருவாக்கினார். அதை நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்து பிரிட்டனில் சோதித்து, முடிவை 2008ல் வெளியிட்டார்கள். 24 பாடம் கற்றவர்களுக்கு, ஒரு வருஷம் கழித்து, நான்கு வாரத்தில் வலித்த நாட்கள், எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிறவரின் கணக்குப்படி, 3. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 21.

காலில் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பது, வலியோடு காய்ச்சல் என்று எது வந்தாலும் பயிற்சியெல்லாம் அப்புறம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இந்த வருஷம் பெரியம்மா பாதி நேரம் சாக்கிலும் பாதி நேரம் திண்ணையிலுமாக மாறி மாறிப் புளி தட்டினார். எழும்போது கை இன்னும் தானாகத் தொடைக்குப் போகிறது. பாதி வழியில் நினைவு வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்.