“உடம்பு போட்டுட்டு, அதான் மூச்சு வாங்குது”

மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பெண்கள் மருத்துவரிடம் அடிக்கடி சொல்வது இது. பருத்த உடம்பு இதய ரத்தக்குழாயில் அடைப்பை வளர்க்கும் என்பது பலருக்கும் தெரியும். அந்த அடைப்பின் முதல் அறிகுறிக்குச் சாக்காகவும் அதே உடம்பே வந்து நிற்கிறது. ஆபத்து அங்கேதான்.

எடை ஒரே மாதத்தில் பெரிதாகக் கூடிவிடாது. போன மாதம் நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை நிற்காமல் சுற்றியவருக்கு இந்த மாதம் பாதி வழியில் மூச்சு முட்டினால், எடைமேல் பழி போடாமல் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். (ரத்தசோகையாகவும் இருக்கலாம், அதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.)

எடைக்கருவியைவிடத் தையல்காரர் டேப் அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், டேப் தோலில் படும்படி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். 80 செ.மீ., அதாவது 31.5 அங்குலம், தாண்டினால் நம் பெண்களுக்கு அது எச்சரிக்கை. பாவாடை நாடாவை நம்பாதீர்கள். வயிறு சரியச் சரிய நாடாவும் கீழே இறங்கிவிடும்.

தொடைக் கொழுப்பு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. குடலைச் சுற்றிச் சேர்வது கொழுப்பமிலங்களை நேரே ஈரலுக்கு அனுப்புகிறது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும்; நல்ல கொழுப்பான எச்.டி.எல். 50-க்குக் கீழே இறங்கும். இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். சர்க்கரை நோய் வந்தவருக்கோ, மாதவிடாய் நிற்கும் முன்பே பெண்ணுக்குள்ள இயற்கைப் பாதுகாப்பு பெருமளவு போய்விடும். கர்ப்பத்தின்போது சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்திருந்தால், பிள்ளைக்கு இருபது வயதானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அல்வாவைத் திட்டிப் பயனில்லை. அது விருந்தாளிக்கு வாங்குவது. இந்தப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு, மடியில் முறத்தோடு ஆயிரம் பீடி சுற்ற எட்டு, பத்து மணி நேரம் ஆகிறது. நடுவில் நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 35 கிராம் அளவுக்குப் போய்விடும். சீனியைப் பாதியாக்குங்கள். நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடங்கள். 70 கிலோவில் 3.5 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் இறங்கத் தொடங்கும்.

நெஞ்சு அழுத்தம், தாடை, முதுகு அல்லது கை வலி, குமட்டலோடு வியர்வை இவற்றில் எதுவாவது வந்து ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சிளைப்பு மட்டும் வரலாம். ஓமத்தண்ணீர் குடித்து ஏப்பம் வந்து இதமானாலும் அது வாயுதான் என்று ஆகிவிடாது. முதல் இசிஜி சரியாக இருந்தாலும் உடனே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சில மணி நேரம் கழித்து இசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.