ஒரு உப்பு மணி எடை ஈயம்

ஐந்து வயதுக் குழந்தையின் உடலில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் ரத்தம் ஓடும். அதில் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 5 மைக்ரோகிராம் (கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்) ஈயம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால் மொத்த ரத்தத்திலும் சேர்த்து அறுபது மைக்ரோகிராம் சொச்சம். தூள் உப்பில் ஒரே ஒரு மணியின் எடை அவ்வளவுதான். 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய எல்லை எதையும் ஆய்வாளர்கள் இதுவரை கண்டதில்லை.

இவ்வளவு கொஞ்சம் எப்படி இவ்வளவு கெடுக்கிறது? ஈய அயனிக்கும் கால்சியம் அயனிக்கும் ஒரே மின்னூட்டம். அதனால் கால்சியம் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் ஈயமும் போய்விடுகிறது. மூளையில் ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி சொல்வதற்குக் கால்சியம்தான் தூண்டுகோல். அங்கே ஈயம் உட்கார்ந்தால் தேவையில்லாத நேரத்தில் செய்தி கசியும், தேவையான நேரத்தில் போகாது. கற்றலுக்கும் நினைவுக்கும் வேண்டிய, செல்லில் செய்தியை வாங்கும் ஏற்பிகளையும் அது அடைக்கிறது. குழந்தையின் மூளை இணைப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கும் வயதில் இது நடப்பதால் சேதம் நிலைத்துவிடுகிறது. ஏழு ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2005ல் வெளியிட்டார்கள். ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10 ஆக உயரும்போது அறிவுத்திறன் எண்ணில் 3.9 புள்ளி குறைகிறது. 10லிருந்து 20 ஆகும்போது குறைவது 1.9தான். அதாவது முதலில் சேரும் கொஞ்ச ஈயம்தான் அதிகம் பறிக்கிறது.

ரத்தத்திலும் அது சும்மா இருப்பதில்லை. ஹீமோகுளோபின் தயாராகும் வழியில் முக்கியமான நொதிகளை முடக்கி ரத்தசோகையைக் கொண்டுவருகிறது. இதில் ஒரு கொடுமையான சுழல் இருக்கிறது. குடலில் இரும்புச்சத்தை உள்ளே எடுக்கும் அதே புரதம் ஈயத்தையும் எடுக்கும். இரும்பு குறைந்த உடல் அந்தப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கும், அதனால் ஈயமும் கூடுதலாக உள்ளே போகும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், குழந்தைகள் பாதி வரை உறிஞ்சிவிடுவார்கள். நம் நாட்டில் ஐந்து வயதுக்குள் மூன்றில் இரண்டு குழந்தைகளுக்கு ரத்தசோகை. மண், சுவர்க்காரை, சிலேட்டுக்குச்சி என்று எடுத்துத் தின்கிற பழக்கமும் பெரும்பாலும் இந்தக் குழந்தைகளுக்குத்தான் இருக்கும்.

இந்தியாவில் இதை முதலில் பெரிய அளவில் அளந்து காட்டியது பெங்களூருதான். ஆபிரகாம் ஜார்ஜ் தொடங்கிய ஜார்ஜ் ஃபவுண்டேஷனும், செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷும் சேர்ந்து, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பெருநகரங்களில் 20,000க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். குழந்தைகளில் பாதிக்கு மேல் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். 1999ல் இங்கேயே சர்வதேச மாநாடு நடந்தது. 2000ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. பெரிய வெற்றிதான். ஆனால் பெட்ரோலோடு ஈயமும் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் தப்பாகப் போய்விட்டது. யூனிசெஃபும் பியூர் எர்த் என்ற அமைப்பும் 2020ல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகள் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயத்தைச் சுமக்கிறார்கள்.

இப்போது எங்கிருந்து வருகிறது? உலகத்தில் பயன்படும் ஈயத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகிறது. பெங்களூரில் அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் என்று எந்தப் பக்கம் போனாலும், கொஞ்சம் வசதியான வீட்டில் ஒரு யூபிஎஸ் இருக்கும். அதன் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். வீட்டில் மூடியபடி இருக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியை மட்டும் உலர்வாகச் சுரண்டாமல், கையுறை போட்டு ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போடுங்கள். குழந்தைகள் படுத்து விளையாடும் இடத்தில் பேட்டரியை வைக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து பேட்டரி செத்த பிறகுதான். பழைய சாமான் வாங்கும் குஜிரிக்காரர் கடையை விட நூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று கொடுத்தால், அது பெரும்பாலும் ஏதாவது ஒரு கொட்டகைக்குப் போகும். அங்கே கோடரியால் உடைத்து, ஆசிடை மண்ணில் கொட்டி, தட்டுகளைத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பே போதும். கிளம்பும் புகையும் சாம்பலும் சுற்றியுள்ள மண்ணில் படிந்தால் பல தலைமுறைக்கு அங்கேயே கிடக்கும். உருக்குகிறவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவார். எனக்கு மனசு பதறுவது இதை நினைத்துத்தான்: அவருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்ப வாங்கி முறையாக மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரிக் கடையிலோ, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் சால்டரிங் வேலையிலோ இருப்பவர்கள் டீ குடிக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலைத்துணியைத் தனியாகத் துவைத்து, குளித்த பிறகு பிள்ளைகளிடம் போக வேண்டும்.

அடுத்தது அடுக்களை. ரசத்துக்கு ஈயச்சொம்பு வைத்திருக்கும் வீடுகள் நம்மில் இன்னும் உண்டு. அந்தச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்யப்பட வேண்டியது. அது இந்த நஞ்சு அல்ல. விஷயம் என்னவென்றால், வெள்ளீயம் விலை அதிகம், நாம் பேசும் நஞ்சான காரீயம் மலிவு. கலந்துவிட்டால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. காரீயம் கலந்த சொம்பில் புளியும் தக்காளியும் கொதித்தால், அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயத்துக்கும் இதே கதைதான். எங்கே செய்தது, என்ன கலந்தது என்று தெரியாத சொம்பில் குழந்தைகளுக்கு ரசம் வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பாட்டி கொடுத்த சொம்பு என்றால் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ்ரே கருவியால் பார்க்கச் சொல்லலாம், பாத்திரத்துக்குச் சேதம் வராது.

மஞ்சளும் அப்படித்தான். மங்கிய கிழங்கைப் பளிச்சென்று காட்ட லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் 2019ல் சந்தை மஞ்சளில் கிட்டத்தட்ட பாதி மாதிரிகளில் இது இருந்தது. அரசு இறங்கிப் பிடித்த பிறகு 2021ல் ஒன்றில்கூட இல்லை. நினைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆகவே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் கிழங்கையும் லூஸில் விற்கும் பொடியையும் தவிர்த்துவிடுங்கள்.

பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் அப்படியே இருக்கும். பொங்கலுக்கு முன் அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் வீடு முழுக்க ஈயத்தூசி. நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருக்கட்டும். அப்புறம் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

சிகிச்சை என்றால் பலரும் மருந்தை நினைக்கிறார்கள். மருந்து இருக்கிறது. சக்சிமர் என்ற மாத்திரையின் மூலக்கூறு தன்னிடமுள்ள கந்தகத்தின் உதவியால் ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றும். 19 நாள் கொடுப்பார்கள். வலிப்பு, மயக்கம் வரை போய்விட்டால் ஊசி மருந்துகள். ஆனால் ரத்த அளவு 45ஐ எட்டினால்தான் பொதுவாக இவை தேவைப்படும். அமெரிக்காவில் 20லிருந்து 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்குச் சக்சிமரையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2001ல் முடிவு வந்தது. ரத்த ஈயம் குறைந்தது, ஆனால் அறிவுத்திறனில் எந்த முன்னேற்றமும் இல்லை. இழந்ததை மருந்து மீட்டுத் தராது. உடலைச் சுத்தம் செய்கிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களில் கிலேஷன் (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும்) ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. இடிடிஏ என்ற கிலேஷன் மருந்தில் தவறான வகையை ஏற்றியதால் ரத்தக் கால்சியம் சரிந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

அதனால் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை என்பது மூலத்தை நிறுத்துவதும் சாப்பாடும்தான். இரும்புச்சத்துக் குறைவைச் சரி செய்ய வேண்டும். கால்சியத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

வெளுத்த முகம், அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், மண் தின்பது, பேச்சு தாமதமாவது இவற்றோடு வீட்டில் யாராவது பேட்டரி, உலோக வேலை செய்தால் ரத்த ஈயப் பரிசோதனை செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். விரலில் குத்தி எடுத்தால் தோல் தூசியே கணக்கைக் கெடுக்கும். அதனால் கையின் ரத்தக்குழாயிலிருந்து ஊசியால் எடுத்ததை வைத்து உறுதி செய்ய வேண்டும். எலும்பில் படிந்த ஈயம் பல வருடங்கள் மெல்லக் கசியும். ஆகவே மருந்து முடிந்ததும் அளவு மறுபடி ஏறலாம், சில வாரம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சிசுவுக்கும் போகும். ஒரு குழந்தைக்கு அளவு கூடுதல் என்று தெரிந்தால், அந்த வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிக்கும் தாமதிக்காமல் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.